நூறு வருஷத்து அடுக்களையில் ஒரு நாள்

"அக்கா, இன்னிக்கு சமையலுக்கு லீவு! ஒரு பாட்டி வீட்டுக்குப் போறோம், கிளம்பு" என்றாள் என் தங்கை.

"அமெரிக்காவிலே நமக்கு ஏதுடி பாட்டி வீடு?" என்று விழித்தேன் நான்.

தங்கையின் பிரசவத்துக்காக டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரத்துக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. போன நாளிலிருந்து பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளியல், துணி மடிப்பு என்று வீட்டுக்குள்ளேயே பொழுது ஓடிக் கொண்டிருந்தது. "அக்காவை ஒரு இடத்துக்கும் கூட்டிண்டு போகலையே" என்று தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் மனசில் ஒரு குறை.

"ஜெர்மன்காரங்க கட்டின பண்ணை வீடுக்கா. 1869லே வந்து குடியேறினாங்களாம். இப்பவும் அங்கே விறகடுப்புலதான் சமைக்கறாங்க. உனக்கு ரொம்பப் பிடிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விறகடுப்பைப் பார்க்க நூறு கிலோமீட்டர் பிரயாணமா! புகுந்த வீட்டில் வெந்நீர் அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்தவள் நான். அதைப் போய் அமெரிக்காவில் வேடிக்கை பார்க்க வேண்டுமா? ஆனாலும் ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று குழந்தைக்கு வேண்டியதையெல்லாம் ஒரு பையில் எடுத்துக் கொண்டு புறப்பட்டேன்.

திரும்பி வரும்போது நான் சிரிக்கவில்லை, சகோதரிகளே. அந்த அடுக்களை எனக்கு ஒரு பாடம் சொல்லி அனுப்பியது. அதை உங்களிடமும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடல் கடந்து வந்தவர்கள்

அது மார்ச் மாதக் கடைசி. ஆஸ்டினிலிருந்து மேற்கே போகப் போக நிலம் மேடும் பள்ளமுமாக மாறியது. சாலையின் இரண்டு பக்கமும் நீல நிறக் காட்டுப் பூக்கள். 'புளூபானெட்' என்கிற இந்தப் பூதான் டெக்சஸ் மாநிலத்தின் பூவாம். மண்ணைக் கொஞ்சம் கீறினால் போதும், சுண்ணாம்புக்கல் பல்லை இளிக்கிறது. "இந்தப் பூமியில் விவசாயமா!" என்று அதிசயித்துக் கொண்டேதான் போனேன்.

மாப்பிள்ளை வண்டியை ஓட்டிக் கொண்டே கதை சொன்னார். 1842இல் ஜெர்மன் பிரபுக்கள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். சொந்த ஊரில் பிழைக்க வழியில்லாத குடும்பங்களை டெக்சஸில் குடியேற்றுவது அவர்கள் திட்டம். 1845இல் நியூ பிரான்ஃபெல்ஸ், 1846இல் ஃபிரெடரிக்ஸ்பர்க் என்று இரண்டு ஊர்கள் பிறந்தன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாதக்கணக்கில் கப்பலில் வந்து கரையில் இறங்கினால், உள்நாட்டுக்குப் போக வண்டி இல்லை. 1846இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் யுத்தம் மூண்டு, கிடைத்த வண்டி மாடுகளையெல்லாம் ராணுவம் எடுத்துக் கொண்டுவிட்டது. இண்டியனோலா கடற்கரையில் மழையிலும் குளிரிலும் கூடாரத்தில் காத்துக் கிடந்தே நோய் வந்து நூற்றுக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். எத்தனை கைக்குழந்தைகளோ! மடியில் கிடந்த எங்கள் குழந்தையைத் தங்கை தானாகவே இழுத்து அணைத்துக் கொண்டாள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்த மலைப்பகுதி கமான்சி என்ற பழங்குடி மக்களுடையது. ஜெர்மானியர்களின் தலைவராக இருந்த மாய்சபாக் என்பவர் 1847இல் அவர்களோடு சமாதான ஒப்பந்தம் செய்து கொண்டார். இரு தரப்பும் அதை மதித்து நடந்ததாக இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இப்படி ஜெர்மானியர்கள் வேரூன்றிய பிரதேசத்தில், பெடர்னாலிஸ் என்ற ஆற்றின் அருகே, ஸ்டோன்வால் என்ற சிற்றூரில் இருக்கிறது நாங்கள் பார்க்கப் போன வீடு. இப்போது அது ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பெயரில் உள்ள மாநிலப் பூங்காவுக்குள் அடங்கியிருக்கிறது.

கல்லும் கட்டையும்

1869இல் ஜோஹன் சாவர், கிறிஸ்டீன் சாவர் தம்பதி நாலு குழந்தைகளோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். முதலில் கட்டியது ஒரே ஒரு அறை. மரக்கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்து அடைத்த சுவர். நிலத்தைத் திருத்தும்போது எடுத்துப் போட்ட கல்லே வீட்டுக்கும் கல்!

அந்த ஒரே அறையில் அப்பா, அம்மா, நாலு குழந்தைகள். பிறகு குடும்பம் பெருகிப் பத்துக் குழந்தைகளாயிற்று. 1885 வாக்கில் பக்கத்திலேயே கல் கட்டடங்கள் பல எழும்பிவிட்டன. இப்போது நாம் ஒரு குழந்தைக்குத் தனி அறை வேண்டும் என்கிறோம். பத்துப் பெற்ற கிறிஸ்டீன் அம்மாள் என்ன சொல்லியிருப்பாளோ!

1900இல் இந்தப் பண்ணை பெக்மன் என்ற இன்னொரு ஜெர்மன் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1915இல் பருத்தி அமோகமாக விளைந்தது. கையில் பணம் வந்ததும் எமில் பெக்மனும் அவர் மனைவி எம்மாவும் புதிதாக ஒரு தானியக் களஞ்சியம் கட்டினார்கள். பழைய கல் வீட்டோடு ஒரு மர அறையைச் சேர்த்தார்கள். அதையடுத்து அந்தக் காலத்து நாகரிகப்படி ஒரு புது வீட்டையும் கட்டி, இரண்டையும் தாழ்வாரத்தால் இணைத்தார்கள். புது வீட்டின் வெளிச்சுவர் முழுக்க அச்சுப் பதித்த தகரம். தூரத்திலிருந்து பார்த்தால் செதுக்கிய கல் மாதிரியே இருக்கிறது.

பழைய வீட்டை அவர்கள் இடிக்கவில்லை, பாருங்கள். அதோடு ஒட்டித்தான் புதியதைக் கட்டினார்கள். ஒரு தாழ்வாரத்தைத் தாண்டினால் 1915இலிருந்து 1869க்குப் போய்விடலாம்!

கைக்குத் தெரியும்

இந்தப் பண்ணை வெறும் காட்சிசாலை அல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருட்களை வைத்துப் பூட்டவில்லை. 1915 முதல் 1918 வரை இங்கே வாழ்க்கை எப்படி நடந்ததோ அப்படியே தினமும் நடத்திக் காட்டுகிறார்கள். பணியாளர்கள் அந்தக் காலத்து நீளப் பாவாடையும் மேலங்கியும் அணிந்து கொண்டு மாடு கறக்கிறார்கள், முட்டை பொறுக்குகிறார்கள், பன்றிக்குத் தீனி போடுகிறார்கள், தோட்டத்தைக் கொத்துகிறார்கள். வெண்ணெய், பாலாடைக்கட்டி, சோப்பு எல்லாம் வீட்டிலேயே தயார்.

அடுக்களைக்குள் நுழைந்ததும் விறகுப் புகையின் வாசனை. எனக்கு என் புகுந்த வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இரும்பால் செய்த பெரிய அடுப்பு. மேலே சமைக்கலாம், உள்ளே ரொட்டி சுடலாம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் ரொட்டி மாவை உருட்டிக் கொண்டிருந்தார்.

"இதில் சூடு காட்டும் கருவி ஒன்றும் இல்லையே, பதம் எப்படித் தெரிகிறது?" என்று தங்கையை விட்டுக் கேட்கச் சொன்னேன்.

அந்த அம்மாள் சிரித்தார். அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணினார். சட்டென்று கையை எடுத்துக் கொண்டார். எத்தனை எண்ணும்வரை கை தாங்குகிறது என்பதுதான் கணக்காம். ரொட்டிக்கு ஒரு கணக்கு, கேக்குக்கு ஒரு கணக்கு.

"கைக்குத் தெரியும்னு சொல்றாங்க அக்கா" என்று தங்கை மொழிபெயர்த்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெண்ணெய் கடையும் ஜாடியைப் பார்த்தேன். நாம் மத்தைச் சுழற்றுகிறோம். இவர்கள் ஒரு கட்டையை மேலும் கீழுமாகக் குத்துகிறார்கள். மற்றபடி தத்துவம் ஒன்றுதான். வெயில் ஏறினால் வெண்ணெய் திரளாமல் இளகிவிடும் என்று இவர்களும் விடியற்காலையிலேயே கடைந்து விடுகிறார்கள். திரண்ட வெண்ணெயைக் குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும்வரை அலசி, உப்புச் சேர்த்து வைக்கிறார்கள். மோர் தங்கினால் சீக்கிரம் காறிப் போகும். நம் பாட்டிகள் சொன்னதேதான்!

அடுப்பின் மேல் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் சூடாகிக் கொண்டிருந்தன. முழு இரும்பு. ஒவ்வொன்றும் மூன்று கிலோ இருக்கும். ஒன்றால் தேய்க்கும்போது இன்னொன்று அடுப்பில் காய வேண்டும். இதற்கு இங்கே 'சோக இஸ்திரி' என்று பொருள்படும்படி ஒரு பெயர்! பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கனமானது என்று அர்த்தமாம். டெக்சஸ் கோடையில், எரியும் அடுப்புப் பக்கத்தில் நின்று பத்துப் பேர் துணியைத் தேய்த்தவளுக்கு இரண்டு அர்த்தமும் பொருத்தம்தான்.

துணி துவைக்கிற சோப்பும் இவள் செய்ததே. பன்றிக் கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சிக் கிளற வேண்டும். காரம் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். ஆறிய பிறகு துண்டு போட்டு, வாரக்கணக்கில் காற்றாட வைத்துத்தான் எடுப்பார்கள். மாமிசத்துக்காகப் பன்றி அறுப்பதும் குளிர்காலத்தில் மட்டுமே. வெயில் காலத்தில் கெட்டுப் போகுமல்லவா? அக்கம்பக்கத்தார் கூடி வேலை செய்து, புகை போடும் அறையில் தொங்கவிட்டு வருஷம் முழுவதற்கும் வைத்துக் கொள்வார்கள். (சைவ வாசகியர் மன்னிக்கவும்! உள்ளதைச் சொல்ல வேண்டுமே.)

கோடையில் விளைந்த பீச் பழமும் காய்கறியும் கண்ணாடி ஜாடிகளில் அடைபட்டு அலமாரியை நிறைக்கும். ஸ்டோன்வால் பகுதி இன்றும் பீச் பழத்துக்குப் பேர் போனது. இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. புளிப்புள்ள பழங்கள், ஊறுகாய் வகைகளைக் கொதிநீரில் வைத்து அடைக்கலாம். பீன்ஸ், சோளம், மாமிசம் போன்ற புளிப்பில்லாதவற்றை அப்படி அடைத்து வைத்தால் 'பாட்டுலிசம்' என்ற கொடிய நோயைத் தரும் விஷம் உண்டாகலாம். ருசியிலோ மணத்திலோ அது தெரியாமலும் போகலாம். பழைய முறையாயிற்றே என்று எல்லாவற்றையும் அப்படியே செய்துவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமையாவது அந்தப் பெண்களுக்கு ஓய்வு உண்டா என்று கேட்டேன். மாதா கோவிலுக்குப் போக வேண்டும். ஃபிரெடரிக்ஸ்பர்க் இருபத்தைந்து கிலோமீட்டர். குதிரை வண்டியில் போய் அன்றே திரும்புவது கஷ்டம். அதனால் இந்தப் பகுதிக் குடியானவர்களில் பல பேர் டவுனில் 'ஞாயிறு வீடு' என்று ஒரு குட்டி வீடு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு அறை, மேலே ஒரு பரண், பரணுக்கு வெளியிலிருந்தே படிக்கட்டு. சனிக்கிழமை வந்து சாமான் வாங்கி, ஞாயிறு கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். அந்தக் குட்டி வீடுகள் சில இன்னும் அங்கே இருக்கின்றன.

அகஸ்டா என்ற மருத்துவச்சி

சாவர் தம்பதியின் பத்துக் குழந்தைகளில் ஒருத்தி அகஸ்டா. இந்தக் கல் வீட்டில் வளர்ந்து, லிண்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அந்த வட்டாரத்துக்கு மருத்துவச்சியானவள்.

1908ஆம் வருஷம் ஆகஸ்டு 27ஆம் தேதி, ஆற்றின் மறுகரையில் இருந்த ஒரு பண்ணை வீட்டில் ரெபெக்கா என்ற இளம் பெண்ணுக்கு முதல் பிரசவம். டாக்டர் இருந்தது வெகு தூரத்தில். ஆற்றில் வெள்ளம் வேறு. குழந்தையின் தாத்தா குதிரை ஏறிப் போய் அகஸ்டாவை அழைத்து வந்தார் என்று சொல்வார்கள். அகஸ்டா வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் 1963 முதல் 1969 வரை அமெரிக்காவின் 36ஆவது ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சன்!

இதைக் கேட்டதும் மாப்பிள்ளை, "ஜனாதிபதியையே தூக்கின கை!" என்றார். தங்கை மட்டும் பேசவில்லை. தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் தலையைத் தடவிக் கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன் எங்களுக்கும் அப்படி ஒரு ராத்திரி வந்தது. பிரசவம் சுகமாக முடிந்து, குழந்தை அழுது, எல்லோரும் சிரித்து அரை மணிகூட ஆகவில்லை. தங்கைக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. முகம் வெளுத்துப் போய், "அக்கா, கண்ணை இருட்டுதுக்கா" என்றாள். அதற்குள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஊசி, மருந்து, ரத்தம் என்று ஏதேதோ ஏற்றினார்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் நின்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். விடியும்போது, "இனி பயமில்லை" என்றார் டாக்டரம்மா.

"அந்த வீட்டிலே எனக்கு இப்படி ஆகியிருந்தா, அகஸ்டா என்னக்கா பண்ணியிருப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள் தங்கை.

என்ன பதில் சொல்ல? அடிவயிற்றைத் தடவிவிட்டிருப்பாள். குழந்தையைப் பால் குடிக்க விட்டிருப்பாள். அவை இரண்டும் நல்ல வைத்தியம்தான், கர்ப்பப்பை சுருங்க உதவும். ஆனால் அதற்கு மேல்? இன்று போடுகிற ஆக்சிடோசின் மருந்து அவள் பையில் இல்லை. அதைச் செயற்கையாகத் தயாரித்ததே 1953இல்தான். ரத்தத்தைச் சேமித்து வைக்கும் ரத்த வங்கி அமெரிக்காவில் 1937இல் வந்தது. அவளிடம் இருந்தவை இரண்டு கைகளும் துணிச்சலும்தான். அவற்றைக் கொண்டு எத்தனையோ தாய்களைக் கரையேற்றினாள். கரையேறாத தாய்களும் அந்தக் காலத்தில் உண்டு.

அந்தக் காலமே பொற்காலம் என்று பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கினால் உலகில் இன்றும் வருஷந்தோறும் பல்லாயிரம் பெண்கள் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்து போனாலோ, பெரிய கட்டிகளாக ரத்தம் வந்தாலோ, மயக்கம், படபடப்பு, ஜுரம் என்றாலோ, "பத்தியம் சரியில்லை போலிருக்கு" என்று வீட்டில் வைத்துக் கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

விளக்கு வந்த கதை

பண்ணை வீட்டில் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குத்தான். தினமும் சிம்னி துடைத்து, திரி கத்தரித்து வைக்க வேண்டும். அதுவும் பெண்கள் வேலை.

பெரிய நகரங்களெல்லாம் மின்விளக்கில் ஜொலித்த காலத்திலும் இந்த மலைப்பகுதி இருட்டாகவே கிடந்தது. வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று மின்சாரக் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் இழுத்து இழுத்து இளம் வயதிலேயே தோள் வளைந்து போனார்கள்.

1937இல் இந்தப் பகுதியின் பிரதிநிதியாக அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அகஸ்டா கையில் பிறந்த அதே லிண்டன் ஜான்சன். கிராமங்களுக்கு மின்சாரம் தருவதற்கென்றே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935இல் ஒரு திட்டம் தொடங்கியிருந்தார். ஜான்சன் விடாமல் மன்றாடி அந்தக் கடனுதவியைப் பெற்றார். 1938இல் பெடர்னாலிஸ் மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1939இல் மலைக் கிராமங்களில் விளக்கு எரிந்தது.

விளக்கு என்றால் வெளிச்சம் மட்டுமா? தண்ணீருக்குப் பம்பு. சோக இஸ்திரிக்கு விடுதலை. பால் கெடாமல் இருக்கக் குளிர்பதனப் பெட்டி. வெள்ளத்தைத் தாண்டி வந்து ஒரு மருத்துவச்சி தூக்கிய குழந்தை, வளர்ந்து அந்த ஊர்ப் பெண்களின் முதுகை நிமிர்த்தியது. அகஸ்டாவுக்குப் பிரசவக் கூலி அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். ஊருக்கு அது வட்டியோடு திரும்பியது 31 வருஷம் கழித்து!

நோட்டுப் புத்தகம்

1966இல் பெக்மன் குடும்பத்துப் பெண் எட்னா இந்தப் பண்ணையை டெக்சஸ் மாநிலப் பூங்காத் துறைக்கு விற்றார். பழுது பார்த்து, பழைய வாழ்க்கையை மறுபடி அமைத்து, 1975இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

புறப்படுமுன் ரொட்டி சுட்ட அம்மாளிடம் ஒன்று கேட்டேன். "இதெல்லாம் யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?"

முன்பு அங்கே வேலை செய்த வயதான அம்மாளிடம் பழகிக் கொண்டாராம். மேலங்கிப் பையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். எத்தனை எண்ணினால் என்ன பதம், எந்த விறகு எவ்வளவு நேரம் எரியும், சோப்பு எப்போது திரளும், எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. "கைக்குத் தெரியும், சரி. கை போய்விட்டால்?" என்றார்.

இப்போது சொல்கிறேன், எனக்கு ஏன் சுருக்கென்றது என்று.

என் மாமியார் கிண்டும் பிரசவ லேகியம் எங்கள் தெருவிலேயே பிரசித்தம். பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து ஆள் அனுப்புவார்கள். நானும் பக்கத்தில் நின்று சுக்கு இடித்துக் கொடுத்திருக்கிறேன். "அளவு என்ன அம்மா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "அளவு என்ன அளவு, கைக்குத் தெரியும்டி" என்றார். நானும் அப்புறம் கேட்டுக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது. தங்கையின் பிரசவத்துக்கு அமெரிக்கா புறப்பட்டபோது, கடையில் டப்பாவில் விற்கும் பொடியை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டேன். அந்தக் கை போனதோடு லேகியமும் போயிற்று.

ஜெர்மானியர்களுக்கும் இப்படி ஒரு இழப்பு உண்டு. முதல் உலக யுத்தத்தின் போது ஜெர்மன் பேசுவதே சந்தேகத்துக்குரியதாகி, பள்ளிக்கூடங்களில் அந்த மொழி நின்று போனது. டெக்சஸ் ஜெர்மன் என்ற அவர்களுடைய பேச்சு வழக்கு இப்போது வயதானவர்கள் நாவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் பேச்சை ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தார் 2001 முதல் ஒலிப்பதிவு செய்து பாதுகாக்கிறார்கள்.

கல் வீட்டைக் காப்பாற்ற அரசாங்கம் வந்தது. பேச்சைக் காப்பாற்றப் பல்கலைக்கழகம் வந்தது. நம் வீட்டு அடுக்களையைக் காப்பாற்ற யார் வருவார்கள்? நாமேதான்!

உங்கள் அம்மாவோ, மாமியாரோ, பாட்டியோ இருக்கிறார்களா? நாளைக்கே இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். அவர்கள் 'கைக்குத் தெரியும்' என்று சொல்லும்போது, அந்தக் கையிலிருப்பதைத் தராசில் போட்டு எடை பாருங்கள். எழுதுங்கள். எதில் நன்மை, எதில் ஆபத்து என்று டாக்டரிடமும் கேட்டுப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

நான் ஊர் திரும்பிய மறுநாளே என் அம்மாவிடம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "ரசத்துக்குக் கூடவா அளவு எழுதுவே?" என்கிறாள். முதல் பக்கத்தில் ரசம்தான் எழுதியிருக்கிறேன்.

செய்து பார்க்கலாமே!

ஜெர்மன் உப்பு முட்டைக்கோஸ்: நல்ல இறுக்கமான முட்டைக்கோஸ் 1 கிலோ எடுத்து மெல்லியதாக நறுக்குங்கள். அயோடின் சேராத கல் உப்பு 20 முதல் 25 கிராம் வரை போட்டு, தண்ணீர் விடும்வரை கையால் அழுத்திப் பிசையுங்கள். வெந்நீரில் கழுவித் துடைத்த கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் அமுக்கி நிரப்புங்கள். கோஸ் முழுவதும் அதன் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்க வேண்டும். மேலே சுத்தமான கனம் ஒன்றை வையுங்கள். இறுக்கி மூடாமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு நாலைந்து நாளில் புளித்துவிடும். பிறகு ஃபிரிட்ஜில் வைத்துக் கொள்ளலாம். பூசணம் பூத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ தூர எறிந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கருதி ஒதுக்கிவிடுவது நல்லது. தயிர் சாதத்துக்குத் தொட்டுக் கொள்ள அபாரம்!